‘ஆணம்’ என்று எழுதிய பிள்ளைக்கு நான் போட்ட சிவப்புக் கோடு

வெண்ணாற்று ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் 18 ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். சென்ற மாதம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘எங்கள் வீட்டுச் சமையல்’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி இப்படித் தொடங்கியிருந்தாள்: “காலையில் உம்மா ஆணம் காய்ச்சினார்கள். நாங்கள் எல்லோரும் பசியாறினோம்.” நான் ‘ஆணம்’ என்ற சொல்லின் கீழ் சிவப்புக் கோடு போட்டு மேலே ‘குழம்பு’ என்று எழுதினேன். ‘பசியாறினோம்’ என்பதை அடித்துவிட்டு ‘காலை உணவு உண்டோம்’ என்று திருத்தினேன். கை தன் பழக்கத்தில் செய்த வேலை அது. அந்த நேரத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் ‘எங்கள் ஊர்த் திருவிழா’ என்ற தலைப்புக்கு அதே பிள்ளை மூன்று வரிதான் எழுதியிருந்தாள். மூன்றும் பாடநூலில் இருக்கும் வரிகள். பிழை ஒன்றும் இல்லை. அவளுடைய ஊரும் இல்லை, வீடும் இல்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து பேரகராதியைப் புரட்டினால், ‘ஆணம்’ என்பதற்குக் குழம்பு என்ற பொருள் அங்கே அச்சாகியே இருக்கிறது. எனக்குத் தெரியாத ஒரு தமிழ்ச் சொல்லை, எனக்குத் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காகப் பிழை என்று குறித்திருக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது நீடாமங்கலம் பக்கம். நம் பேச்சுக்கு வட்டாரம் கிடையாது, நெல்லைக்கும் கோவைக்கும்தான் அது உண்டு என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். அந்த எண்ணம்தான் என் சிவப்பு மையில் இறங்கியிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் பிள்ளைகள் தேர்வு எழுத வேண்டும், பொதுத் தமிழ் பழக வேண்டும். எதைத் திருத்துவது, எதை விட்டுவைப்பது? டெல்டாவில் வாழ்பவர்களும், இங்கிருந்து வெளியே போனவர்களும் தங்கள் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குடமுருட்டி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மனவருத்தம் புரிகிறது. ஆனால் நீங்கள் செய்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. பாபநாசம், கும்பகோணம் பகுதியில் என் காலத்து ஆசிரியர்கள் இதைவிடக் கண்டிப்பாகத் திருத்தினார்கள். அந்தக் கண்டிப்பால்தான் எங்களைப் போன்றவர்கள் எந்த மாவட்டத்துக்கு வேலைக்குப் போனாலும், எந்த அலுவலகத்தில் கோப்பு எழுதினாலும், ‘இது என்ன தமிழ்?’ என்று யாரும் கேட்காத நிலை வந்தது.

நம் பகுதியின் பேச்சு எழுத்துக்கு மிக அருகில் இருக்கிறது என்பது வெறும் பெருமைப் பேச்சன்று. தொல்காப்பிய உரையாசிரியர்கள் செந்தமிழ் நிலத்துக்கு எல்லை சொல்லும்போது, வையை ஆற்றின் வடக்கும், மருத யாற்றின் தெற்கும், கருவூரின் கிழக்கும், மருவூரின் மேற்கும் என்கிறார்கள். காவிரிப் படுகை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. இன்றைய பொதுப் பேச்சுத் தமிழைப் பற்றி எழுதும் மொழியியலாளர்களும் தஞ்சை, திருச்சி, மதுரைப் பக்கத்துப் படித்தவர்களின் பேச்சையே அதற்கு அடிப்படையாகக் காட்டுகிறார்கள். இப்படி ஒரு பொது வடிவம் கையில் இருக்கும்போது அதைப் பிள்ளைக்கு முழுமையாகக் கொடுப்பதுதான் ஆசிரியரின் கடமை. வீட்டுச் சொல் வீட்டில் எப்படியும் இருக்கும்; அதைக் காப்பாற்றப் பள்ளிக்கூடம் தேவையில்லை.

சுவடி வாசகர்

ஐயா குடமுருட்டி அவர்கள் சொன்ன எல்லை உரையாசிரியர்கள் வகுத்தது. தொல்காப்பியர் வாய்மொழி அன்று. தொல்காப்பியர் சொன்னது “செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும் தம்குறிப் பினவே திசைச்சொற் கிளவி” என்பதுதான். அந்த நூற்பாவை எச்சவியலின் தொடக்கத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் ஆகிய நான்கையும் செய்யுள் இயற்றுவதற்கு உரிய சொற்களாகவே அங்கே அவர் வைக்கிறார். குட்டநாட்டார் தாயைத் ‘தள்ளை’ என்பார்கள் என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டியபோது, குட்டநாட்டாரைத் திருத்த வேண்டும் என்று அவர்கள் எழுதவில்லை. அது செய்யுளுக்கும் ஆகும் சொல் என்பதற்குச் சான்றாகவே காட்டினார்கள். கவிதைக்குள் வரலாம் என்று இலக்கணம் ஒப்புக்கொண்ட வகைச் சொல், ஆறாம் வகுப்புக் கட்டுரைக்குள் வரக்கூடாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பேச்சு எழுத்துக்கு அருகில் இருக்கிறது என்று நாம் நம்புவது, நம் பேச்சை நாமே கூர்ந்து கேட்காததால்தான். நம் வயல்வெளியில் வாழைப்பழம் ‘வாளப்பளம்’ ஆகிறது. வந்தது ‘வந்துச்சு’ ஆகிறது. வந்துகொண்டிருக்கிறேன் என்று எழுதுகிறோம். ‘வந்துக்கிட்டிருக்கேன்’ என்று சொல்கிறோம். நெல்லைக்காரர் ‘வாரேன்’ என்றால் அது வட்டார வழக்கு, நாம் ‘வர்றேன்’ என்றால் அது பொது வழக்கா? இரண்டுமே ‘வருகிறேன்’ என்பதிலிருந்து ஒரே அளவு விலகியவைதாம்.

எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள இந்த இடைவெளி நம் மண்ணிலேயே 300 ஆண்டுகளுக்கு முன் பதிவாகியிருக்கிறது. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்து பணியாற்றிய வீரமாமுனிவர், செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் தனித்தனியே இலத்தீனில் எழுதினார். ஒரு நூலில் இரண்டையும் அடக்க முடியாத அளவுக்கு அவை விலகி நிற்பதை, வெளியிலிருந்து வந்து கற்றவரின் காது கேட்டிருக்கிறது. கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சாயிற்று. கொடுந்தமிழ் என்பதில் உள்ள ‘கொடு’ வளைந்தது என்று பொருள்படும். கொடுமை என்ற பொருளில் அதை வாசிப்பவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்.

கடைமடை

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர். சொந்தத்தில் கொஞ்சம் நிலமும் குத்தகையில் கொஞ்சமும் பார்க்கிறேன். இலக்கணம் எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் பயிர் அழுகியபோது, நிவாரணத்துக்குப் பதிவு செய்ய என் அப்பாவை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எழுதிக்கொண்டிருந்தவர் வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்த இளைஞர். “எவ்வளவு நிலம்?” என்று கேட்டார். அப்பா “ஒம்போது மாங்க, தாளடி” என்றார். “மா என்றால் என்ன? ஏக்கரில் சொல்லுங்கள்” என்றார் அவர். அப்பாவுக்கு ஏக்கர் தெரியாமல் இல்லை. மூன்று மா ஓர் ஏக்கர் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த இடத்தில், வரிசையில் ஆட்கள் நிற்க, தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்ற எண்ணம் அவர் முகத்தில் வந்துவிட்டது. “தாளடி என்பது ஊர்ப் பெயரா?” என்று அடுத்த கேள்வி வந்தபோது அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். மிச்சத்தை நான் சொன்னேன். குறுவை அறுத்த தாள் கிடக்கிற நிலத்திலேயே உழுது அடுத்து நடுவது தாளடி; ஒரே போகமாக நடுவது சம்பா; வயது வேறு, நட்ட நாள் வேறு, அழிவின் அளவும் வேறு. அந்த இளைஞர் கெட்டவர் இல்லை, கடைசியில் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஆனால் நாற்பது ஆண்டுகள் வாய்க்காலும் வரப்புமாக வாழ்ந்த மனிதர் தன் வேலையைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றதை நான் மறக்கவில்லை.

இங்கே எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர். ஏட்டில் கல்லணைக் கால்வாய், எங்கள் வாயில் புதாறு. ஏட்டில் நீரொழுங்கி, ஊரில் சட்ரஸ். ‘சட்ரஸ்ல தண்ணி வச்சிருக்கான்’ என்றால் எங்கள் ஊரில் கிழவி முதல் பிள்ளை வரை விளங்கும். தண்ணீர் எப்போது கடைமடைக்கு வரும் என்று செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அந்த இரண்டாவது மொழியும் வேண்டும். ஆகவே ஐயா குடமுருட்டி சொல்வதும் முழுக்கத் தவறில்லை. இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்களுக்கு மட்டும்தான் கடமையா, எழுதுகிறவருக்கும் உண்டா என்பதுதான் என் கேள்வி.

சுவடி வாசகர்

கடைமடை அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அப்பா சொன்ன ‘மா’ தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இருக்கிறது. மா என்றால் இருபதில் ஒரு பங்கு. 20 மா ஒரு வேலி. காணி எண்பதில் ஒரு பங்கு. முந்திரிகை முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இராசராசன் காலத்துக் கணக்கர்கள் நிலத்தை இந்தப் பின்னங்களிலேயே பிரித்து எழுதினார்கள். நெல்லை ‘ஆடவல்லான்’ என்று பெயர் வைத்த மரக்காலால் அளந்தார்கள். கோயில் கட்டி முடித்த ஆண்டு 1010. அந்த அலுவலகத்தில் ஆயிரம் ஆண்டுக் கணக்குச் சொல்லைச் சொன்னவர் உங்கள் அப்பா. வெட்கப்பட வேண்டியவர் அவராக இருக்கவில்லை.

தரங்கைக் கரை

கடலோரத்திலிருந்து சுருக்கமாக. வானிலை அறிவிப்பு வடகிழக்கு, தென்மேற்கு என்று திசை சொல்லும். எங்கள் பெரியவர்கள் அதைக் கேட்டுவிட்டு “வாடையா, கொண்டலா?” என்று தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற பெயர்களோடு அந்தந்தக் காற்றில் கடல் எப்படி இருக்கும், எந்த மீன் படும், எந்த வலை ஆகும் என்பதெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘வடகிழக்கு’ என்ற சொல்லில் திசையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆழத்தையும் நாங்கள் பாகத்தில்தான் சொல்கிறோம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அறிவிப்பை எழுதுகிறவர்கள் காற்றின் பெயரையும் பக்கத்தில் சேர்த்துச் சொன்னால் எங்கள் கரையில் அது இன்னும் ஆழமாக இறங்கும்.

சுகாதாரப் பணியாளர்

ஆசிரியை அம்மாவின் இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். கிராமத்துப் பெண்கள் உடம்பைப் பற்றிப் பேசும் மொழி தனி. அதை எந்தப் பாடநூலும் எங்களுக்குக் கற்றுத் தரவில்லை. என் அம்மாவும் அத்தைமாரும் பேசியதைக் கேட்டு வளர்ந்ததால் எனக்குத் தெரிந்தது.

நகரத்தில் படித்துவிட்டு வந்த ஒரு மருத்துவர், புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணிடம் “கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி?” என்று கேட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மருத்துவர் மறுபடி கேட்டார், சற்று உரக்க. பதில் இல்லை. கூட வந்த மாமியார், “முழுகாம இருக்கா டாக்டரம்மா” என்றார். கருவுற்றிருக்கிறாள் என்பது அதன் பொருள். குளிக்காமல் இருக்கிறாள் என்று புரிந்துகொண்ட மருத்துவர், ஏன் குளிப்பதில்லை என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண்ணின் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் பக்கத்தில் போய், “எப்பம்மா தலைக்கு ஊத்திக்கிட்டே?” என்று கேட்டேன். உடனே பதில் வந்தது: “ஆடிப் பதினெட்டுக்கு மூணு நாள் முன்னாடி.” நாட்காட்டியைப் பார்த்து நாள் குறித்துக்கொண்டோம். கேள்வி ஒன்றுதான். மருத்துவர் கேட்ட சொல் அந்தப் பெண் யார் முன்னும் வாய்விட்டுச் சொல்லிப் பழகாத சொல்; நான் கேட்டது அவள் தாய் கேட்கும் சொல்.

இதைவிடக் கவலை தரும் இடம் நெஞ்சு. ‘நெஞ்சு கரிக்குது’ என்றால் எங்கள் பக்கம் புளித்த ஏப்பத்தோடு வரும் எரிச்சல். ‘நெஞ்சை அடைக்குது’ என்றால் உடனே படுக்க வைத்துப் பார்க்க வேண்டியது. இரண்டையும் ‘நெஞ்சு வலி’ என்று ஒரே சொல்லாக எழுதிக்கொண்டால் ஒரு பக்கம் வீண் பதற்றம், மறுபக்கம் உயிருக்கே ஆபத்து. புதிதாகப் பணிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இந்த இரண்டையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். அந்த மருத்துவரும் பிறகு ஒரு சிறிய குறிப்பேடு வைத்து எழுதிக்கொண்டார். போகும்போது பக்கங்கள் நிரம்பியிருந்தன.

கீழத்தெரு

இத்தனை நேரம் எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். ஐயா குடமுருட்டி அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தஞ்சைத் தமிழ் என்றதும் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: ‘எங்கள் பேச்சு மரியாதையான பேச்சு, எதற்கும் ஒரு ங்க இருக்கும்.’ அந்த ‘ங்க’ யாருக்குப் போயிற்று என்று கேட்க வேண்டியிருக்கிறது.

என் தாத்தா பண்ணையாள். அவருக்கு அறுபது வயதிருக்கும்போது, பண்ணை வீட்டின் பத்து வயதுப் பையன் அவரைப் பெயர் சொல்லி ‘வாடா’ என்று அழைப்பான். தாத்தா அவனை ‘சின்ன ஆண்டே’ என்பார். இருவரும் பேசியது தஞ்சைத் தமிழ்தான். ஒருவன் வாயில் இருந்த வினைமுற்று மற்றவன் வாயில் இருக்க முடியாது, அவ்வளவுதான் வேறுபாடு. 1940களில் இங்கே விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்தபோது, சாட்டையடிக்கும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக எழுந்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்வார்கள்: ‘தோழர்’ என்ற சொல் தெருவுக்குள் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் முன் நின்றவர் பி. சீனிவாசராவ், அவருடைய தாய்மொழி கன்னடம். செந்தமிழ் நிலத்தின் அழகான பேச்சு எங்களுக்குத் தராத ஒரு விளியை, வேறு மொழிக்காரர் ஒருவர் தந்தார். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் கூலி கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். என் அப்பா அந்த ஆண்டுகளில் வளர்ந்தவர். ‘டேய்’ என்று யார் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பெயரைச் சரியாகச் சொல்லும்வரை நடந்துகொண்டே இருப்பார். அதற்காக அவர் கொடுத்த விலையும் உண்டு.

நான் கல்லூரிக்குப் போனபோது, வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினாலே எந்தத் தெரு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். சொல்கூட வேண்டியதில்லை, சொல்லின் கடைசி ஒலியை இழுக்கும் விதம் போதும். ஒரு வருடம் கிட்டத்தட்டப் பேசாமலே இருந்தேன். விடுதி அறையில் செய்தித்தாளை உரக்கப் படித்துப் படித்து, வேறொரு குரலைப் பழகிக்கொண்டேன். ஆகவே எழுத்துத் தமிழைப் பற்றி நான் சொல்வது இங்கே யாருக்கும் முழுமையாகப் பிடிக்காது: அது எனக்கு விடுதலையாக இருந்தது. அதில் தெரு இல்லை. மேடையில் நின்று எழுத்துத் தமிழில் பேசினால், என்னை அடையாளம் காண நினைப்பவருக்குப் பிடி கிடைக்காது. வட்டார வழக்கைக் காப்போம் என்று சொல்கிறவர்கள், எந்தத் தெருவின் வழக்கை என்று முதலில் சொல்ல வேண்டும். என் அம்மாவின் பேச்சை யாரும் ‘இனிய தஞ்சை வழக்கு’ என்று இதுவரை பாராட்டி நான் கேட்டதில்லை.

ஆனால் ஆசிரியை அவர்களே, அந்தப் பிள்ளை மூன்று வரி எழுதியதைப் படித்தபோது என் விடுதி அறைதான் நினைவுக்கு வந்தது. புதுக் குரலைப் பழகினேன். பழைய குரலை இழந்தேன். இப்போது அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது, ‘என்னடா ஆபீசர் மாதிரி பேசறே’ என்கிறார். இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நெறியாளர்

கீழத்தெரு அவர்களின் பதிவுக்கு வந்த இரண்டு மறுமொழிகளை நீக்கியிருக்கிறேன். சாதிப் பெயர்களைச் சொல்லிச் சண்டையிட இங்கே இடமில்லை. பேச்சில் சாதி எப்படி வெளிப்படுகிறது என்பது இந்த இழையின் பொருளுக்குள் அடங்கும். அதைத் தாராளமாகப் பேசலாம்.

சுவடி வாசகர்

கீழத்தெரு அவர்கள் சொன்னது ஆய்வுலகிலும் பதிவானதே. 1960களில் வில்லியம் பிரைட், ஏ.கே. இராமானுஜன் ஆகியோர் தென்னிந்திய மொழிகளின் சாதி வழக்குகளை ஒப்பிட்டு எழுதினார்கள். ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருவில் வாழ்பவர்கள் வெவ்வேறு சொல்லும் வெவ்வேறு விகுதியும் கொண்டிருப்பதை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். ‘வந்தேள்’ என்பதும் ‘வந்தீங்க’ என்பதும் ஒரே கும்பகோணத்தின் பேச்சு. ஆகவே ‘நம் பேச்சு’ என்று ஒருமையில் நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். வழக்குகள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

பனியன் நகரம்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் தையல் பிரிவில் எல்லா மாவட்டத்தவரும் உண்டு. திருவண்ணாமலைப் பக்கத்து நண்பர் ஒருவர், “எங்கள் அப்பா காலையிலிருந்து இருட்டும்வரை கொல்லையில்தான் இருப்பார்” என்று பெருமையாகச் சொன்னார். நமக்குக் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். கொல்லைக்குப் போவது என்றால் வேறு பொருள். அவர் அப்பாவுக்கு என்ன நோயோ என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டு விசாரித்தேன். அவர்கள் ஊரில் மானாவாரிப் புன்செய் நிலம்தான் கொல்லை என்று அப்புறம் விளங்கியது. அன்றிலிருந்து நாங்கள் நெருங்கிய நண்பர்கள்.

என் மகள் இங்கேயே பிறந்தவள். பண்டிகையை ‘நோம்பி’ என்கிறாள், ‘ஏனுங்க’ என்கிறாள். ஊருக்குப் போனால் அப்பாயி அவளைக் கட்டிக்கொண்டு, “எந்த ஊர்ப் பொண்ணுடி நீ?” என்று கேட்கிறார். அன்பாகக் கேட்பதுதான். ஆனால் சென்ற பொங்கலுக்கு அவள் என்னைத் தனியே அழைத்து, “அப்பா, நான் எந்த ஊருன்னு சொல்லட்டும்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

நாகூர்க் கரை

ஆசிரியை அம்மாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மாணவியின் கட்டுரையைப் படித்தபோது என் சிறுவயதுத் தாளைப் பார்த்தது போல இருந்தது. எனக்கும் ‘லாத்தா’ என்று எழுதியதற்கு ‘அக்கா’ என்று திருத்தம் விழுந்திருக்கிறது. என் அக்காவை நான் ஒருநாளும் அக்கா என்று அழைத்ததில்லை. அப்படி எழுதியபோது வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றி எழுதுவது போல இருந்தது.

பசியாறுவது என்பது எவ்வளவு அழகான சொல் என்று யோசித்துப் பாருங்கள். ‘காலை உணவு’ நேரத்தைச் சொல்கிறது. ‘பசியாறுதல்’ மனிதரைச் சொல்கிறது. எங்கள் ஊரிலிருந்து கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர்கள் பல தலைமுறையாக உண்டு. இன்றும் மலேசியாவில் தமிழர்கள், மதம் வேறுபாடு இன்றி, “பசியாறிட்டீங்களா?” என்றுதான் காலையில் விசாரிக்கிறார்கள். என் சிற்றன்னை மகன் அங்கே வேலைக்குப் போன முதல் வாரம், கடைக்காரர் ஒருவர் அப்படிக் கேட்டதும் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது என்று எழுதினான். நீங்கள் அடித்த அந்தச் சொல் கடல் தாண்டியும் உயிரோடு இருக்கிறது.

வெளியில் எங்களைப் பற்றி ஒரு கருத்து உண்டு: இவர்கள் வீட்டில் வேறு மொழி பேசுவார்கள் என்று. கும்பகோணத்தில் வாடகைக்கு வீடு பார்த்தபோது வீட்டுக்காரர், “உங்களுக்குத் தமிழ் நன்றாக வருகிறதே” என்று வியந்தார். அவர் மனம் புண்படச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வேறு எந்த மொழியும் வராது என்பதை எப்படிச் சொல்வது என்று திகைத்தேன். என் நன்னி, அதாவது பாட்டி, அரபு எழுத்தில் தமிழ் எழுதியவர். எழுத்து அரபு, சொல் தமிழ். ஆணமும் சோறும் பசியாறலும் தமிழாகத் தெரியாதவரை, எங்களையும் தமிழராகக் காண்பதில் ஒரு தயக்கம் இருந்துகொண்டே இருக்கும்.

காரைக்கால் வாசி

எங்கள் பக்கத்தில் நகராட்சியைப் பெரியவர்கள் ‘மேரி’ என்பார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர் ‘சொல்தா’. 1954இல் பிரெஞ்சுக்காரர் போன பிறகும் சொற்கள் போகவில்லை. நாகூருக்கும் எங்களுக்கும் இடையே எத்தனை சிறிய தூரம், எத்தனை வேறு சொற்கள் என்று காட்டவே எழுதினேன்.

குடமுருட்டி

எல்லாப் பதிவுகளையும் இரண்டு முறை படித்தேன். கீழத்தெரு அவர்களே, நீங்கள் எழுதியதற்கு என்னால் உடனே மறுமொழி எழுத முடியவில்லை. என் வீட்டில் நெல் அளக்க வந்தவரை என் தகப்பனார் எப்படி அழைத்தார் என்பது நினைவுக்கு வந்தது. அவர் என் தகப்பனாரைவிட மூத்தவர். நானும் அப்படியே அழைத்தேன். நம் பேச்சு மரியாதையான பேச்சு என்று நான் பலமுறை பிறரிடம் சொல்லியிருக்கிறேன். இனிமேல் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் தேர்வுத் தாளைப் பற்றி என் கருத்து மாறவில்லை. கீழத்தெரு அவர்கள் பழகிக்கொண்ட அந்தக் குரலை ஒரு பிள்ளை தனியே விடுதி அறையில் அழுதுகொண்டு கற்க வேண்டிய நிலை வரக்கூடாது. வகுப்பறையில், ஆசிரியர் கையைப் பிடித்துக்கொண்டு கற்க வேண்டும். பொதுத் தமிழைத் தாராளமாகக் கற்றுக்கொடுங்கள். திருத்துவதற்கும் கற்றுக்கொடுப்பதற்கும் இடையே வேறுபாடு இருக்கிறது என்பதை மட்டும் நான் முன்பு யோசிக்கவில்லை. ‘குழம்பு என்றும் சொல்வார்கள்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல் கூடியிருக்கும். அடித்ததால் ஒன்று போய்விட்டது.

வெண்ணாற்று ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. குடமுருட்டி ஐயா, ‘என்றும் சொல்வார்கள்’ என்ற உங்கள் தொடரை அப்படியே எடுத்துக்கொண்டேன். கட்டுரை ஏட்டில் இப்போது வீட்டுச் சொல்லுக்குக் கோடு போடுவதில்லை. பக்கத்தில் பொதுச் சொல்லை எழுதுகிறேன். சந்திப்பிழை, ஒருமை பன்மை மயக்கம், ழகர ளகரம் இவற்றை முன்போலவே திருத்துகிறேன். தேர்வுக்கு முன் எந்த இடத்தில் எந்தச் சொல் என்று தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் நான் நினைத்ததைவிட விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள்; இரண்டு சட்டை வைத்திருப்பவனுக்கு எதை எப்போது போடுவது என்று தெரியாதா என்ன?

அந்த மாணவியை அழைத்து, பழைய தாளில் நான் போட்ட கோட்டின் பக்கத்தில், ‘இது என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு வகுப்பு முழுவதையும், வீட்டில் மட்டும் சொல்லும் சொல் ஐந்து கொண்டுவரச் சொன்னேன். கண்டுமுதல், பத்தாயம், அண்டை வெட்டுவது, சோழகம் என்று பலகை நிரம்பிவிட்டது. ஒரு பையன் தயங்கித் தயங்கித் தன் பாட்டி சொல்லும் சொல் ஒன்றைச் சொன்னான். பின்வரிசையில் இருவர் சிரித்தார்கள். கீழத்தெரு அவர்கள் எழுதியது அப்போது என் முன்னே வந்து நின்றது. சிரித்தவர்களைக் கண்டிப்பதற்கு முன், அந்தச் சொல்லைப் பலகையின் நடுவில் பெரிதாக எழுதினேன். இது போதுமா என்று தெரியவில்லை. சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பது வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது.

இந்த வாரம் மாணவி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். “நேற்று உம்மா புளியாணம் காய்ச்சினார்கள். பக்கத்து வீட்டு அக்கா அதை ரசம் என்றார்கள். அது ரசம் இல்லை” என்று தொடங்குகிறது. ஏன் ரசம் இல்லை என்று அவள் எழுதவில்லை. நாகூர்க் கரை அம்மா, உங்களுக்குத் தெரியுமா?

நாகூர்க் கரை

புளியைக் கரைத்து வைக்கும் நீர்த்த ஆணம் அது. பார்வைக்கு ரசம் போலத்தான் இருக்கும்; ஆனால் எங்கள் வீட்டில் அதில் பருப்புத் தண்ணீர் சேர்ப்பதில்லை, கறிச்சோறு உண்ணும்போது கூட வைப்போம். வீட்டுக்கு வீடு கை மாறும். அதனால் என் விளக்கத்தை அவள் தாளில் எழுதிவிடாதீர்கள் அம்மா. அவள் உம்மா எப்படி வைக்கிறார்கள் என்று கேட்டுவந்து அவளையே எழுதச் சொல்லுங்கள். எழுதியதும் இங்கே பதியுங்கள். நானும் ஒருமுறை அந்தக் கையால் வைத்துப் பார்க்கிறேன்.